பல்லு புளிக்கு

1

இன்று காலை சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரைச் சூடாக்காமல் அப்படியே குடித்தேன். புளிக்கவில்லை. இன்னொரு டம்ளர் பிடித்து, வேண்டுமென்றே இடது பக்கமாக வாயில் நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் புளிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு இப்படிக் குடிப்பது இதுதான் முதல் தடவை. சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் ஆள் இல்லை. ஜெனிஷா போய் இன்றோடு ஒரு மாதம் ஆகிறது.

பல் கூச்சம் என்று நீங்கள் சொல்வதைத்தான் எங்கள் குமரி மாவட்டத்தில் 'பல்லு புளிக்கு' என்போம். பக்கத்து மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வழக்கு. அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

ஜெனிஷா என் ஒரே மகள், வயது பதினெட்டு. எட்டு வயதில் மணவாளக்குறிச்சியிலிருந்து கையைப் பிடித்து இந்த ஸ்காட்லாந்துக்குக் கூட்டி வந்தேன். இப்போது படிப்பதற்காகக் கிளாஸ்கோவுக்குப் போயிருக்கிறாள். நாங்கள் இருக்கும் அபர்தீனிலேயே அதே படிப்புக்கு இடம் கிடைத்தது. வேண்டாம் என்றுவிட்டாள். முடிவை முதலில் அப்பாவிடம்தான் சொன்னாள். ஏன் என்று நான் கேட்டபோது ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: "இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை."

யாரும் என்றால் நான்தான். என் கணவர் ஆன்றோ கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கிறார். மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. இங்கே இருக்கும்போது அவளோடு வாய் ஓயாமல் பேசுவார். பேசாதவள் நான். காரணம் என் பல். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜூலையில் ஊருக்கு வந்து போகும்வரை எனக்கே அது தெரியாது.

2

முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. மூன்று மணிக்கு முடியும். ஜெனிஷாவின் பள்ளி மூன்றரைக்கு விடும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே நிறுத்தத்தில் இறங்குவோம். அங்கிருந்து வீட்டுக்குப் பதினான்கு நிமிட ஏற்றம். காற்று முகத்துக்கு நேராக வரும். கடற்கரையில் பிறந்தவளுக்குக் காற்று என்ன புதிதா என்று நினைக்காதீர்கள். நம் காற்று உடம்பில் உப்பைப் பூசிவிட்டுப் போகும், அவ்வளவுதான். இது பல்லுக்குள் போகும்.

அந்தப் பதினான்கு நிமிடம்தான் நானும் அவளும் தனியாக இருக்கும் நேரம். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் அறைக்கு அவள், அடுப்படிக்கு நான். சின்ன வயதிலிருந்தே அன்றைய கதையையெல்லாம் அந்த ஏற்றத்தில்தான் கொட்டுவாள். டீச்சர் என்ன சொன்னார், யார் யாரோடு சண்டை, எந்தப் பெண் தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்டு வந்தாள். நானும் சலவை அறைக் கதைகளைச் சொல்வேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய குளிரில், நவம்பரில் ஒருநாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மேல் வரிசையில் இடது பக்கம் சுரீர் என்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு கம்பளித் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு, உதட்டை இறுக்கி, பல்லில் காற்று படாமல் நடக்கப் பழகினேன். அவள் பேசுவாள். நான் 'ம்' கொட்டுவேன்.

நம் ஊரில் 'ம்' கொட்டுவது மரியாதை. கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் 'ம்' கொட்டாவிட்டால், என்ன தூங்கிவிட்டாயா என்று கேட்போம். சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது அதற்குப் பொருள். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்த 'ம்', போதும் நிறுத்து என்று கேட்டிருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் அவள் காதில் இயர்போன் ஏறியது. பாட்டுக் கேட்கிற வயது என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், 'ம்' கொட்டும் வேலையும் மிச்சம் என்றுதான் இருந்தது. அவ்வளவு அலுப்பு.

பல் புளிக்கிறது என்று அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. காய்ச்சல் என்றால் சொல்லலாம், கால் முறிந்தால் சொல்லலாம். பல் புளிப்பை ஒரு நோயாக யாராவது சொல்வார்களா? அதையும் ஒரு பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

3

வைத்தியம் பார்க்காமல் இல்லை. இங்கே அரசாங்கப் பல் மருத்துவரிடம் போவதற்கு முதலில் அவருடைய பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும். பட்டியல் நிறைந்துவிட்டது என்றார்கள். பட்டியலில் சேர்வதற்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் எழுதிக்கொண்டார்கள்.

அதுவரை பொறுக்க முடியாமல் பொது மருத்துவரிடம் போனேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு படிவத்தில் 'தாய்மொழி' என்ற கட்டத்தில் தமிழ் என்று பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து எந்த மருத்துவர் அறைக்குள் போனாலும் மேசைமேல் ஒரு போன் இருக்கும். அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும், நேராகவே பேசுகிறேன் என்றால் கேட்க மாட்டார்கள். படிவத்தில் இருக்கிறது என்பார்கள்.

அன்று போனில் இருந்தவர் பாந்தமான குரலில் பேசினார். எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை, நம் பக்கம் இல்லை.

"சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?"

"பச்சவெள்ளம் குடிச்சா பல்லு புளிக்கு."

"வெள்ளமா? உங்க ஏரியாவுல வெள்ளமா?"

நம் பக்கம் தண்ணீரை வெள்ளம், சூடாக்காததைப் பச்சவெள்ளம் என்போம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி. தண்ணி குடிச்சா புளிக்கு" என்றேன்.

"ஓ, தண்ணி குடிச்சா வாய் புளிக்குது. சரிம்மா."

மருத்துவரிடம் அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் என் காதில் விழுந்தது. புளிப்புக்கு என்ன ஆங்கிலமோ அதைத்தான் சரியாகச் சொன்னார். நானே தலையை ஆட்டினேன். மருத்துவர் இரக்கத்தோடு பார்த்தார். நெஞ்சு எரிகிறதா, ஏப்பம் வருகிறதா என்று கேட்டார். யாருக்குத்தான் ஏப்பம் வராது? வரும் என்றேன். வயிற்று அமிலம் மேலே ஏறி வாயைப் புளிக்க வைக்கிறது என்று முடிவாயிற்று. காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை. புளிப்பும் காரமும் குறைக்கச் சொல்லி ஒரு துண்டுக் காகிதம்.

மீன்குழம்பில் புளியைக் குறைத்தேன். மாங்காயை விட்டேன். அக்கா சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் குடிக்கும் நாரங்கா வெந்நீரை மட்டும் விடவில்லை. நாரங்கா என்றால் எலுமிச்சம்பழம். அது மருந்தில்லையா, அதை எப்படிப் புளிப்புக் கணக்கில் சேர்ப்பது? அதைக் குடித்ததும், வாய் மணக்க வேண்டும் என்று உடனே பல்லையும் தேய்ப்பேன்.

கூட வேலை பார்க்கும் போலந்துக்காரி ஒருத்தி நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, கூச்சத்துக்கான பேஸ்ட் ஒன்று வாங்கித் தந்தாள். ஒரு மாதம் தேய்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் டாக்டர் சொன்னதுதான் சரி, இது வயிற்றுக் கோளாறுதான் என்று நம்பி மாத்திரையைத் தொடர்ந்தேன். இரண்டாவது குளிர்காலமும் வாயைத் திறக்காமலே போயிற்று. அதற்குள் ஜெனிஷா கிளாஸ்கோவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

4

ஜூலையில் அக்கா மகன் கல்யாணத்துக்கு வந்தோம். ஆன்றோவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நானும் ஜெனிஷாவும் மட்டும். செப்டம்பரில் போய்விடுவாள், அதற்குள் எப்படியாவது அவளோடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். பதினாறு மணி நேரப் பயணத்தில் அவள் என்னிடம் பேசியது, ஜன்னல் பக்கம் உனக்கு வேண்டுமா என்பது மட்டும்.

கல்யாணப் பந்தியில் கடைசியாக ஐஸ்கிரீம் வைத்தார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் நான் அது உருகுவதற்காக உட்கார்ந்திருந்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, ஐஸ்கிரீம பாயசமாக்கியா குடிக்கப் போற?"

"பல்லு புளிக்கு அக்கா."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா? நாளைக்கே நாகர்கோயில் போவோம். அங்க கெடந்து என்னத்த செய்தியோ!"

எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருடம், போன், மொழிபெயர்ப்பாளர், மாத்திரை. ஊரில் இரண்டே சொல். வெள்ளம் எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நாகர்கோயில் வடசேரியில் மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு கிளினிக். ஜெனிஷாவை வீட்டில் விட்டால் கல்யாணக் கூட்டத்தில் சிக்கிக்கொள்வாள் என்று நானும் அக்காவும் அவளையும் கூட்டிப் போனோம். அறைக்குள் ஒரு முக்காலியில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மருத்துவர் முப்பது வயதுப் பெண், வாயாடி.

"எந்தப் பல்லு புளிக்கு? மேலயா, கீழயா?"

விரலால் காட்டினேன். ஒரு குழாயால் காற்றை அந்தப் பல்லில் மெல்ல ஊதினார். நாற்காலியிலிருந்து எம்பிவிட்டேன்.

"சரிதான். காத்து நின்ன பொறவும் வலிக்கா?"

"இல்ல, ஒடனே நின்னுட்டு."

"நல்லது. நின்ன பொறவும் வலிச்சுக்கிட்டே இருந்தா, இல்ல சும்மா இருக்கும்போ வலிச்சா, அது உள்ள நரம்புக் கேடு. ஒங்களுக்கு அது இல்ல. சொத்தையும் இல்ல, கீறலும் இல்ல. எப்பிடித் தேய்க்கிய?"

"நல்லா அழுத்தித்தான்."

"பாத்தாலே தெரியுது. ஈறு மேல ஏறிட்டு."

ஒரு கண்ணாடியைக் கையில் தந்து காட்டினார். பல்லின் தலைப் பக்கம் கெட்டியான உறை உண்டு. ஈறுக்கு அடியில் இருக்கும் பக்கத்துக்கு அந்தக் கெட்டி உறை கிடையாது, அதை ஈறுதான் மூடிக் காக்கிறது. முரட்டுப் பிரஷால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து எனக்கு ஈறு விலகிவிட்டது. திறந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் ஏராளம். குளிரும் காற்றும் இனிப்பும் அதன் வழியாக உள்ளே இருக்கும் நரம்பைத் தொட்டுவிடுகின்றன. காலையில் குடிக்கும் நாரங்கா வெள்ளம் பல்லின் மேல்பரப்பை இளக்கிவிடும். அந்த நேரம் பார்த்து உடனே தேய்த்தால் இளகியது எல்லாம் பிரஷோடு போய்விடும்.

"அம்மாடி, அத நாந்தானே சொல்லிக் குடுத்தேன்" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

போலந்துக்காரி தந்த பேஸ்ட் கதையைச் சொன்னேன்.

"தேய்ச்ச பொறவு கொப்புளிப்பியளா?"

"பின்ன? பேஸ்ட்டு மணம் போற வரைக்கும், ஒரு பத்து தடவ."

மருத்துவர் சிரித்தே விட்டார். "அப்பம் மருந்து முழுசும் வாஷ்பேசினுக்குத்தான் போயிருக்கு. இனி ஒங்க வாஷ்பேசினுக்குப் பல்லு புளிக்காது."

துப்ப வேண்டும், கொப்பளிக்கக் கூடாது. பேஸ்ட் வாயில் தங்கினால்தான் அந்தக் குழாய்களை அடைக்கவோ நரம்பை அடக்கவோ முடியும். எச்சில் வாயோடு ஒரு மனுஷி எப்படி இருப்பது என்று எனக்குக் குமட்டியது. பத்து தடவை கொப்பளித்தால்தான் வாய் சுத்தம் என்று வளர்ந்தவர்கள் நாம். மென்மையான பிரஷ், அழுத்தாமல் பைய தேய்க்க வேண்டும். புளிப்பு ஏதும் சாப்பிட்டால் வெறும் தண்ணீரில் வாயை அலசிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷைத் தொட வேண்டும். ரொம்பப் புளிக்கும் பல்லில் இரவில் பேஸ்ட்டை விரலால் தடவிவிட்டுப் படுக்கலாம். சில வாரம் ஆகும், நடுவில் விட்டுவிடக் கூடாது. மிகவும் தேய்ந்த இரண்டு பல்லின் அடியில் அன்றே பூச்சு வைத்து மூடினார்.

பூச்சு காய்ந்துகொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டார். "அந்தக் குளிர்ல இத்தன நாளு எப்பிடிச் சமாளிச்சிய?"

"வாயத் தொறக்க மாட்டேன் டாக்டர். பஸ்ஸ விட்டு எறங்கினா வீடு வரைக்கும் வாய மூடிக்கிட்டே நடப்பேன். ஒரு வார்த்த பேசினா உயிரு போவும்."

முக்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

5

மணவாளக்குறிச்சி பஸ்ஸில் முன்பக்கம் அக்காவுக்கு இடம் கிடைத்தது. நானும் ஜெனிஷாவும் பின்னால். மழைச் சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். ஜெனிஷா தமிழில் கேட்டாள். அவள் தமிழ் எட்டு வயதிலேயே நின்றுபோன தமிழ்.

"அப்போ, நீ என்மேல கோவமா இல்லியா?"

"எதுக்கு மக்கா கோவம்?"

"நான் சொன்னதுக்கு. ரெண்டு விண்டர் முன்னாடி. நடந்து வரும்போ."

"என்ன சொன்ன?"

என் முகத்தைப் பார்த்தாள். "நெஜமா கேக்கலியா? நீ 'ம்'னு சொன்னியே."

 என்ன சொன்னாய், சொல்லு என்று கையைப் பிடித்தேன். விடு அம்மா, பழசு என்று ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஊரில் இருந்த நாளெல்லாம் எனக்கு அதே யோசனைதான். எத்தனை 'ம்' போட்டிருப்பேன்? தலையில் தொப்பி, காதில் காற்று, மனசெல்லாம் பல்லில். அவள் சொன்னதில் பாதி என் காதில் விழவே இல்லை என்பதுதான் நிஜம். விழாததற்கும் சேர்த்து 'ம்' போட்டிருக்கிறேன்.

6

ஊரிலிருந்து திரும்பிய வாரம் கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. பல் மருத்துவர் பட்டியலுக்கான பட்டியலில் நான் இன்னும் காத்திருக்க விரும்புகிறேனா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம் என்று எழுதிப் போட்டேன். இந்த நாட்டில் ஒரு வரிசையை விட்டு வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது.

எச்சில் வாயோடு இருக்கவும் பழகிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் காற்று பட்டால் லேசாக மட்டும் புளித்தது. ஜெனிஷாவுக்குப் பள்ளி முடிந்துவிட்டது, அந்த பஸ்ஸில் வரவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கிளாஸ்கோவுக்குப் போக நான்கு நாள் இருக்கையில், நான் வேலை முடிந்து இறங்கும் நேரத்துக்கு நிறுத்தத்துக்கு வரமுடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். சும்மா நடக்கத்தான் என்றேன். வந்து நின்றாள். காதில் இயர்போன் இல்லை.

கம்பளித் துண்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்தேன். "அன்னைக்கி என்ன சொன்ன மக்கா? நான் கேக்கல்ல. காத்தில எனக்குக் கேக்கல்ல. இப்பம் சொல்லு."

"இப்ப ஓக்கே அம்மா. நெஜமா. ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"இருக்கட்டும். அத சொல்லு."

பாதி ஏற்றம் ஏறினோம். பிறகு நேராகப் பார்த்தபடி நடந்துகொண்டே சொன்னாள்.

"ஸ்கூல்ல என்கூட யாரும் உக்கார மாட்டாங்கன்னு சொன்னேன். லஞ்சை டாய்லெட்ல வச்சு தின்னேன்னு சொன்னேன்."

"எத்தன நாளு?"

"கிறிஸ்மஸ் முடிஞ்சு ஈஸ்டர் வரைக்கும்."

 நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"நீ 'ம்'னு சொன்ன. வீட்டுக்கு வந்து என் டப்பாவத் தொறந்து பாத்த. பாத்துட்டு சிரிச்ச."

நினைவிருக்கிறது. அதுவரை பாதிச் சோறு திரும்பி வரும். மீன் மணக்குது என்று கூட இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள் போலும் என்று நானே நினைத்துக்கொள்வேன். அந்த மாதங்களில் மட்டும் டப்பா வழித்து எடுத்ததுபோல் காலியாக வந்தது.

"உள்ள வேற என்ன செய்ய? யாரும் பாக்கல. முழுசும் தின்னேன்" என்றாள்.

நான் 'ம்' போட்ட அன்று அந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள் குளிர் இல்லை, பல் புளிக்கவில்லை. வாய் நிறையப் பேசினேன். "அக்கா, பிள்ள இப்பம் நல்லா திங்கா" என்றேன்.